‘84 ஆண்டுகளுக்கு மூடப்பட்டது’: இதை ஆர் தீர்மானிக்கிறது?

#1 சாவகச்சேரி_சாந்தி

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில இருந்து எழுதுறன். சரித்திரம் படிச்ச ஆள் இல்லை, கணக்காளர் வேலை. ஓய்வு நேரத்தில குடும்ப வரலாறு தேடுறன்.

எங்கட அப்பப்பாவின்ர தம்பி 1955இல கப்பலேறி லண்டனுக்குப் படிக்க வந்தவர். படிப்பை விட்டிட்டு அரசியல் கூட்டங்களுக்குத் திரிஞ்சவர் எண்டு வீட்டில ஒரு கதை. லண்டனில கியூ எண்ட இடத்தில இருக்கிற பிரிட்டன் தேசிய ஆவணக்காப்பகத்தின்ர இணையப் பட்டியலில அவற்ற பேரைப் போட்டுத் தேடினன். சும்மா போட்டதுதான். உள்துறைக் கோப்பு ஒண்டு வந்து நிக்குது! 1961 – 1966. கீழே ‘84 ஆண்டுகளுக்கு மூடப்பட்டது, திறக்கும் நாள் 1 ஜனவரி 2051’ எண்டு கிடக்கு. அப்ப எனக்கு 78 வயசு.

அதோட, 1984ஆம் ஆண்டு இலங்கை சம்பந்தமான வெளியுறவுக் கோப்பு ஒண்டையும் பாத்தன். அதில ‘மூடப்பட்டது’ எண்டு இல்லை. ‘துறையே வைத்திருக்கிறது, பிரிவு 3(4)’ எண்டிருக்கு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? 84 எண்ட கணக்கு எங்கயிருந்து வந்தது? இதையெல்லாம் ஆர் இருந்து தீர்மானிக்கினம்? விளங்கினவை சொல்லுங்கோ.

#2 தாள்பூச்சி

அக்கா, கியூவில ஒரு ஆறு மாசம் உட்கார்ந்து ஆய்வுக்குக் குறிப்பெடுத்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

84 ஒன்றும் மந்திர எண் இல்லை. வெறும் கழித்தல் கணக்கு. கோப்பில் பெயர் வரும் ஆளுக்கு எப்போது பிறந்தநாள் என்று தெரியாவிட்டால், வளர்ந்தவர் என்றால் குறைந்தது 16 வயது இருக்கும் என்று வைத்துக்கொள்வார்கள். மனிதர் 100 வயது வரை இருக்கலாம் என்றும் வைத்துக்கொள்வார்கள். நூறிலிருந்து பதினாறு போனால் 84. கோப்பின் கடைசித் தாள் 1966 என்பதால் 2050 முடிந்து அடுத்த ஜனவரி முதல் தேதி. குழந்தையின் பெயர் இருந்தால் முழுசாக 100 வருஷம்.

அதாவது உங்க தாத்தாவிடம் ஏதோ பெரிய ராஜ ரகசியம் இருந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர் உயிரோடு இருக்கலாம் என்று ஆவணக்காப்பகம் நினைக்கிறது, அவ்வளவுதான்.

1984 கோப்பு வேறு சாதி. உங்க தாத்தா கோப்பு கியூவுக்கு வந்து சேர்ந்து, அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. 3(4) கோப்பு கியூவுக்கு வரவே இல்லை. உருவாக்கிய துறையே தன் கிடங்கில் வைத்திருக்கிறது. 1958ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, அமைச்சர் ஒப்புதல் வேண்டும். முன்னே லார்ட் சான்சலர் என்ற மூத்த அமைச்சரின் கையெழுத்து, இப்போது கலாச்சாரத் துறை அமைச்சர்.

அந்தச் சட்டம் வந்தபோது 50 வருஷம் காத்திருக்க வேண்டும். 1967இல் அதை 30 ஆக்கினார்கள். 2010இல் 20 ஆக்கச் சட்டம் போட்டு, 2013இலிருந்து வருஷத்துக்கு இரண்டு வருஷக் கோப்புகளாகத் திறந்து பத்து வருஷத்தில் எட்டிப் பிடித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் இதை ‘20 வருஷ விதி’ என்பார்கள். 20 வருஷம் ஆனால் கதவு தானாகத் திறக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 20 வருஷத்துக்குள் கோப்பைக் கியூவுக்கு அனுப்பு, அல்லது ஏன் அனுப்பவில்லை என்று சொல் என்பதுதான் அது.

#3 வக்கீல்_வைகை

தாள்பூச்சி சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் தகவல் சுதந்திரச் சட்டம் (2000ஆம் ஆண்டுச் சட்டம்) நடைமுறையில் இருக்கிறது. அதற்குப்பின் ஒரு கோப்பை மூட வேண்டும் என்றால் துறை சும்மா ‘ரகசியம்’ என்று முத்திரை குத்திவிட முடியாது. அந்தச் சட்டத்தில் உள்ள விலக்குகளில் ஒன்றைச் சுட்ட வேண்டும். பிரிவு 23 உளவு அமைப்புகள், 24 தேசப் பாதுகாப்பு, 27 வெளிநாட்டு உறவு, 38 ஒருவரின் உடல்நலம், பாதுகாப்பு, 40 தனிநபர் விவரம். இப்படிப் போகிறது வரிசை. சிலவற்றுக்கு ஆயுள் உண்டு. அமைச்சரவை ஆலோசனை, வழக்கறிஞர் கருத்து போன்ற விலக்குகள் 20 வருஷத்தில் செத்துப்போகும். பட்டம், விருது சமாசாரம் 60 வருஷம். சட்ட அமலாக்கம் 100. ஆனால் தேசப் பாதுகாப்புக்கும் வெளிநாட்டு உறவுக்கும் ஆயுள் முடிவே இல்லை.

துறை இப்படி மூடச்சொல்லிக் கொடுக்கும் பட்டியலை ஓர் ஆலோசனைக் குழு பார்க்கிறது. மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ் என்ற மூத்த நீதிபதி அதற்குத் தலைவர். வரலாற்றாசிரியர்கள், ஆவணக்காப்பாளர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் உறுப்பினர்கள். சந்தேகம் வந்தால் விளக்கம் கேட்டுத் திருப்புவார்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இனி அக்காவின் கேள்வி, யார் தீர்மானிக்கிறார்கள்? மூடிய கோப்பை நீங்கள் கேட்டதும் ஆவணக்காப்பகம் அதை உருவாக்கிய துறையைக் கலந்து பேசும். விலக்கு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பொருந்தினாலும் பொதுநலன் கருதித் திறக்கலாமா என்று எடைபோட வேண்டிய விலக்குகள் உண்டு. அந்த எடைபோடும் வேலையைச் சட்டம் துறையிடம்தான் கொடுத்திருக்கிறது. ஆலோசனைக் குழுவையும் கேட்க வேண்டும். ஆனால் தராசு துறையின் கையில்.

பூனையையே பாலுக்குக் காவல் வைத்த மாதிரி என்பீர்கள். ஆமாம். ஆனால் பூனைக்கு மேலே ஆள் உண்டு. மறுபரிசீலனை கேட்கலாம், பிறகு தகவல் ஆணையர், பிறகு தீர்ப்பாயம்.

#4 ஓய்வூதியர்_சுப்பையா

நான் வெளிநாடு போனதில்லை. ஒரு மாவட்ட அலுவலகத்தில் 34 வருஷம் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு. இளைஞர்கள் எல்லாம் சட்டப்பிரிவு எண் சொல்கிறீர்கள். சரி. ஆனால் ஒரு கோப்பின் தலையெழுத்து ஆவணக்காப்பகத்திலா நிர்ணயமாகிறது? அது எழுத்தர் மேஜையிலேயே முடிந்துவிடும்.

கோப்பு முடியும்போது கடைசித் தாளில் ஒரு குறி போடுவோம். ஓ.மு. என்றால் ஓராண்டு. மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. என்றால் நிரந்தரம். ந.க. என்ற கோப்பு எண்ணோடு அந்த இரண்டு எழுத்துதான். சாயங்காலம் ஐந்தரை மணி, பஸ்ஸுக்கு நேரமாகிறது, கையில் இருபது கோப்பு. எது நி.மு., எது மூ.மு. என்று யார் யோசிப்பது? நான் மூ.மு. போட்ட பல கோப்புகளை இன்று யாராவது பேரன் தேடிக்கொண்டிருப்பான். அவனிடம் ‘ரகசியம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘பதிவறையில் இல்லை’ என்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மந்தணம் என்று சிவப்பு மையில் எழுதிய உறைக்குள் பல தடவை அதிகாரியின் இடமாற்றக் கோரிக்கை இருக்கும். உண்மையான சமாசாரம் சாதாரணக் கட்டில், நூல் அறுந்து கிடக்கும். இதையும் சொல்லி வைக்கிறேன்.

#5 சாவகச்சேரி_சாந்தி

சுப்பையா ஐயா, உங்கட பதிவைப் படிச்சுச் சிரிச்சன், பிறகு கொஞ்சம் துக்கமாவும் வந்தது. நன்றி.

#6 கரிசல்காட்டான்

சட்டம், விலக்கு, குழு, நீதிபதி. கேட்க நல்லாத்தான் இருக்கு. நடந்தது என்ன?

2009ல கென்யாவைச் சேர்ந்த வயசானவங்க சிலபேர், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்துச் சித்திரவதைக்காக லண்டன் நீதிமன்றத்துல வழக்குப் போட்டாங்க. அரசாங்கம் ஆவணம் இல்லைன்னுச்சு. 2011ல பாத்தா, பக்கிங்ஹாம்ஷயர்ல ஹான்ஸ்லோப் பார்க்னு வெளியுறவுத் துறை வளாகம், அதுக்குள்ள 37 முன்னாள் காலனிகளோட கோப்பு, எட்டாயிரத்துக்கும் மேல. கியூ பட்டியல்லயே கிடையாது. இல்லாத கோப்புக்கு எவன் விண்ணப்பம் போடுவான்? 2013ல 5,228 பேருக்கு 1 கோடியே 99 லட்சம் பவுண்டு நஷ்டஈடு குடுத்து முடிச்சாங்க.

மீதி இருந்ததே அவ்வளவுன்னா, எரிச்சது எவ்வளவு? 1961ல காலனித்துறை அமைச்சர் மெக்லியோட் உத்தரவே போட்டாரு. பிரிட்டிஷ் அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய தாளைப் புது அரசாங்கத்துகிட்ட ஒப்படைக்கக் கூடாதுன்னு. ஆபரேஷன் லெகசின்னு இதுக்குப் பேரு.

இலங்கைக்கு வருவோம். 1978 – 80 காலத்து இலங்கைக் கோப்பு ஏறத்தாழ 200ஐ வெளியுறவுத் துறை அழிச்சிருச்சுன்னு 2018ல செய்தி வந்துச்சு. எம்.ஐ.5 உளவுத்துறை, எஸ்.ஏ.எஸ். சிறப்புப்படை ஆளுங்க இலங்கைக்கு ஆலோசனை சொன்ன சமயம் அது. நிரந்தரமா வைக்கத் தேர்ந்தெடுக்கப்படலை, அதனால சட்டப்படிதான் அழிச்சோம்னு பதில். சுப்பையா ஐயாவோட மூ.மு.தான், ஆங்கில உடுப்புல.

#7 தாள்பூச்சி

கரிசல் அண்ணே, நீங்க சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஹான்ஸ்லோப் கோப்புகள் பிறகு கியூவுக்கு வந்துவிட்டன. எஃப்.சி.ஓ. 141 என்ற தொடர். 2012 ஏப்ரலிலிருந்து 2013 நவம்பர் வரை தவணை தவணையாகத் திறந்தார்கள். அதில் இலங்கைக் கோப்பும் உண்டு. சாந்தி அக்கா அதைத் தவறாமல் பார்க்கணும்.

ஒரு கிளைக்கதை. 2022இல் அந்தத் தொடரையே வாசகர்களுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார்கள். எல்லோரும் சதி என்று குதித்தோம். காரணம், அந்தக் காலத்தில் தாளுக்குப் பூச்சிமருந்து அடித்திருக்கலாம், தொடுகிறவர்களுக்கு ஆகாது என்ற பயமாம். என் பெயருக்கு வந்த சோதனை.

திறந்த கோப்பு திறந்தே இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். 2018 டிசம்பரில் அணுசக்தி சம்பந்தமான இரண்டு தொடர்களை மொத்தமாகத் திரும்ப எடுத்தார்கள். பல வருஷமாக எல்லோரும் படித்துக் குறிப்பெடுத்த கோப்புகள். அதனால் பார்க்கும்போதே படம் பிடித்து வையுங்கள். கியூவில் சொந்தக் கேமராவில் படம் எடுக்கக் காசு கிடையாது.

#8 மருதாணி

எல்லாரும் ‘திற திற’ என்கிறீர்கள். நான் எதிர்ப்பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்லலாமா?

நான் ஒரு பழைய வழக்குக் கட்டு படித்தேன். எங்கே, எது என்று சொல்ல மாட்டேன். ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமை. ஊர், தெரு, அப்பா பெயர், பள்ளிக்கூடம் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. அந்தச் சிறுமி இப்போது எழுபது வயதுப் பாட்டியாக எங்கோ இருப்பாள், பேரப்பிள்ளைகளோடு. அந்தக் கட்டு திறந்து கிடந்தது. என் போன்ற யாரோ ஒருத்தி காலை பத்து மணிக்கு டீ குடித்துவிட்டு வந்து அதைப் படிக்கலாம். எனக்குக் கை கூசியது.

100 வருஷம் மூடு என்று பிரிட்டனில் சொல்வதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். காவல்துறைக்குத் தகவல் சொன்னவரின் பெயரும் அப்படித்தான். அவருடைய பிள்ளைகள் அதே ஊரில் இருப்பார்கள்.

#9 வக்கீல்_வைகை

மருதாணி சொல்வது சரி. அதனால்தான் தனிநபர் விவரத்தையும் அரசின் வெட்கத்தையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. முன்னதைக் காலமும் சாவும் தீர்த்துவைக்கும். பின்னது தானாகத் தீராது, யாராவது சண்டை போட வேண்டும்.

போட்டவர்கள் உண்டு. 2014 ஜனவரியில் 30 வருஷக் கோப்புகள் திறந்தபோது, 1984 பிப்ரவரியில் ஒரு எஸ்.ஏ.எஸ். அதிகாரி அமிர்தசரஸ் பொற்கோயில் நடவடிக்கை பற்றி இந்தியாவுக்கு ஆலோசனை சொன்ன செய்தி வெளியே வந்தது. அது வந்ததே மூட மறந்ததால் என்று அப்போது பேசிக்கொண்டார்கள், எனக்குத் தெரியாது. ஆனால் அதே வரிசையில் இருந்த வேறு கோப்புகள் மூடித்தான் இருந்தன. பில் மில்லர் என்ற பத்திரிகையாளர் தீர்ப்பாயம் வரை போனார். திறந்தால் இந்திய உறவு கெடும் என்றது அரசுத் தரப்பு. 2018 ஜூனில் நீதிபதி அதை ஏற்கவில்லை. பெரும்பாலானவற்றைத் திறக்கச் சொன்னார். உளவுக் கூட்டுக்குழுவின் கோப்பு மட்டும் கடைசிவரை வெளியே வரவில்லை.

வெளிநாட்டு உறவு என்பது சட்டத்தில் வலுவான கேடயம்தான், ஆனால் ‘34 வருஷத்துக்குப் பிறகும் அப்படியா?’ என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். சாந்தி அக்காவின் 1984 இலங்கைக் கோப்புக்கு இதே வழிதான். ஆவணக்காப்பகத்திடம் கேட்காதீர்கள், அது அங்கே இல்லை. நேரே வெளியுறவுத் துறைக்கு எழுதுங்கள்.

செலவு? விண்ணப்பத்துக்கு ஒன்றுமில்லை. ஆணையரிடம் போக ஒன்றுமில்லை. வக்கீல் வைத்துத் தீர்ப்பாயம் போனால் பை கிழியும். மவுண்ட்பேட்டன் நாட்குறிப்புகளுக்காக ஆண்ட்ரூ லௌனி என்ற வரலாற்றாசிரியர் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேல் இழந்தார். அவ்வளவு செலவழித்துப் பெரும்பகுதி வெளியே வந்தது, வந்ததைப் படித்தால் பெரிய வெடிகுண்டு ஒன்றும் இல்லை!

#10 கரிசல்காட்டான்

வெள்ளைக்காரனாவது தீர்ப்பாயம் வச்சிருக்கான். நம்ம நாட்டுல?

#11 தாள்பூச்சி

நம்ம நாட்டில் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு, யூனியன் பிரதேசங்கள், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கு மட்டும். எழும்பூரில் 1909இலிருந்து நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு, அதாவது தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்கு, அது செல்லாது. சட்டத்தின் உள்ளே ஓர் ஓட்டை. ரகசிய வகைப்பாடு உள்ள எதையும் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு அனுப்பக் கூடாது. அப்படியென்றால் முதலில் துறையே வகைப்பாட்டை நீக்க வேண்டும். நீக்காவிட்டால்? நீக்காவிட்டால் ஒன்றுமில்லை, அது பாட்டுக்குக் கிடக்கும்.

2022 டிசம்பரில் தேசிய ஆவணக்காப்பகத் தலைமை இயக்குநரே சொன்னார், 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் தன்னிடம் இல்லை, பசுமைப் புரட்சி பற்றியதும் இல்லை, மொத்தம் 151 அமைச்சகங்களும் துறைகளும் இருக்க 36இன் ஆவணங்கள்தான் தன்னிடம் இருக்கின்றன என்று. காப்பாளரே வெறும் பெட்டியைத் திறந்து காட்டின மாதிரி.

அதே சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. 1892க்கு முந்தைய எந்த ஆவணத்தையும் அழிக்கக் கூடாது, பயன்படுத்தவே முடியாதபடி சிதைந்திருந்தால் ஒழிய. ஏன் அந்த வருஷம் என்று சுப்பையா ஐயா மாதிரி யாராவது சொல்லணும்.

#12 ஓய்வூதியர்_சுப்பையா

1892 எனக்கும் தெரியாது தம்பி. 1892க்குப் பிந்தையதுதான் என் கையில் வந்தது.

#13 வக்கீல்_வைகை

இந்தியாவில் இன்னொரு கதவு உண்டு, ஆர்.டி.ஐ. என்ற தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய். 20 வருஷத்துக்கு முன் நடந்ததைக் கேட்டால் பெரும்பாலான விலக்குகள் விழுந்துவிடும், பிரிவு 8(3). மூன்றுதான் தாங்கும்: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு ஒன்று, சட்டமன்ற, நாடாளுமன்ற உரிமை ஒன்று, அமைச்சரவைத் தாள்கள் ஒன்று. ஐ.பி., ரா போன்ற உளவு அமைப்புகள் சட்டத்துக்கே வெளியே, ஊழலும் மனித உரிமை மீறலும் தவிர.

1962 போர்த் தோல்வி பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963இல் கொடுக்கப்பட்டது. பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கேட்டார். 2010இல் மத்தியத் தகவல் ஆணையம் மறுத்துவிட்டது. 2014இல் நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் அதில் ஒரு பகுதியைத் தன் இணையதளத்திலேயே போட்டார். ஊர் உலகம் எல்லாம் படித்துவிட்டது, அரசாங்கத்துக்கு மட்டும் அது இன்னும் ரகசியம்.

நேதாஜி கோப்பு பாருங்கள். பல பத்து வருஷம் ‘வெளிநாட்டு உறவு கெடும்’. 2016 ஜனவரி 23, அவர் பிறந்தநாள், நூறு கோப்பு ஒரே நாளில் திறந்தது. எந்த உறவும் கெடவில்லை. சட்டம் மாறவில்லை, மனசு மாறியது.

சாந்தி அக்காவுக்கு ஒரு குறிப்பு: ஆர்.டி.ஐ. இந்தியக் குடிமக்களுக்குத்தான். பிரிட்டன் சட்டத்தில் எந்த நாட்டுக்காரரும் கேட்கலாம். நானே மதுரையிலிருந்து கேட்டிருக்கிறேன்.

#14 பாம்பன்_காற்று

மனசு மாறியதுன்னு சொன்னீங்களே, அதான் உண்மை. கச்சத்தீவு எடுத்துக்குங்க. 2015ல ஆர்.டி.ஐ. கேட்டா, 1974, 76 ஒப்பந்தத்துல நிலம் பெற்றதும் இல்லை கொடுத்ததும் இல்லைன்னு வெளியுறவு அமைச்சகம் பதில். 2024 தேர்தல் நேரத்துல அதே அமைச்சகத்துலேர்ந்து 1974 ஜூன்ல வெளியுறவுச் செயலர் கருணாநிதியைச் சந்திச்ச குறிப்பு அண்ணாமலை கைக்கு ஆர்.டி.ஐ.யில வருது. எங்க ஊர் மீனவர் சங்கத்துல ஒருத்தன் கேட்டா அதே தாள் அதே வேகத்துல வருமா?

#15 கரிசல்காட்டான்

வராது. தீவைக் குடுத்தது யாருன்னு முதல்ல பேசுவோமா

#16 மட்டுறுத்துநர்

பேச வேண்டாம். கச்சத்தீவுக்குத் தனி இழை இருக்கிறது, 41 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போங்கள். அடுத்து வந்த ஏழு பதிவுகளை நீக்கிவிட்டேன். இங்கே ஆவணம் யாருக்கு, எப்போது திறக்கும் என்பது மட்டும்.

#17 டொரொண்டோ_தம்பிராசா

பிள்ளை சாந்தி, இவ்வளவு நேரமும் எல்லாரும் சட்டம் கதைக்கினம், உங்கட அப்பப்பாவின்ர தம்பியை மறந்திட்டினம். மனுசன் இருக்கிறாரோ, இல்லையோ?

#18 சாவகச்சேரி_சாந்தி

இல்லை ஐயா. 1987இல ஊரிலதான் செத்தவர். இறப்புப் பத்திரம் இல்லை. அந்த நேரம் ஊர் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும்தானே, ஆர் போய்ப் பதிஞ்சது?

#19 டொரொண்டோ_தம்பிராசா

அப்ப கல்வெட்டு?

#20 தாள்பூச்சி

கல்வெட்டா? 1987இல் கல்வெட்டா? விளங்கலையே.

#21 டொரொண்டோ_தம்பிராசா

தம்பி, நீங்கள் நினைக்கிற சோழர் கல்வெட்டு இல்லை. யாழ்ப்பாணத்தில ஆள் செத்து 31ஆம் நாள், அந்தியேட்டிச் சடங்கு முடிய, வாற ஆக்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிச்சுக் குடுப்பினம். முன்பக்கத்தில படம், கீழே தோற்றம், மறைவு எண்டு நாளும் திகதியும். உள்ளுக்கு வம்சம், பெண் எடுத்த இடம், பிள்ளையள், திருமுறை, புலம்பல் பாட்டு. அதுக்குப் பேர் கல்வெட்டு. நினைவு மலர் எண்டும் சொல்லுவம். 87இலயும் சனம் அடிச்சது, தாள் இல்லாத நேரத்தில கொப்பித் தாளில அடிச்சதை நான் கண்டனான். நூலகம் எண்ட இணையத் தளத்தில நினைவு மலர்களை வருடிப் போட்டிருக்கினம், அங்கயும் தேடிப் பாருங்கோ.

செத்ததுக்குச் சாட்சி கேட்டால் அதைக் குடுங்கோ. பிறந்த நாள், செத்த நாள் இரண்டும் அச்சில இருக்கு.

#22 வக்கீல்_வைகை

தம்பிராசா ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. தனிநபர் விவரத்துக்கான விலக்கு உயிரோடு இருப்பவருக்குத்தான். அவர் இறந்தது உறுதியானால் 84 வருஷக் கணக்கின் அடித்தளமே போய்விடும். இறப்புப் பத்திரம் இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் நம்பத்தகுந்த அச்சு ஆதாரத்தை மொழிபெயர்ப்போடு கொடுத்துப் பார்க்கலாம்.

சாந்தி அக்கா, பட்டியலில் அந்தக் கோப்புப் பக்கத்திலேயே தகவல் சுதந்திர விண்ணப்பப் பொத்தான் இருக்கும். காரணம் சொல்லத் தேவையில்லை, ‘என் தாத்தா, ஆசையாக இருக்கிறது’ என்றெல்லாம் எழுத வேண்டாம். வழக்கமான கெடு 20 வேலைநாள். ஆவணக்காப்பகத்தில் மூடிக் கிடக்கும் கோப்புக்கு, துறையைக் கலந்து பேச இன்னும் 10. ஆக 30 வேலைநாள், ஆறு வாரம்.

#23 சாவகச்சேரி_சாந்தி

அம்மாவின்ர டிரங்குப் பெட்டிக்குள்ள, சீலைக்குக் கீழ, கல்வெட்டு இருந்தது! மூலை எல்லாம் செல்லரிச்சுப்போச்சு, ஆனா முன்பக்கம் நல்லா இருக்கு. ‘தோற்றம் 14-11-1933, மறைவு 02-03-1987.’ படத்தில கோட் போட்டிருக்கிறார், லண்டனில எடுத்தது போல. இண்டைக்கு விண்ணப்பம் போட்டிட்டன். 1984 கோப்புக்கும் வெளியுறவுத் துறைக்குத் தனியா எழுதியிருக்கிறன்.

#24 ஓய்வூதியர்_சுப்பையா

கல்வெட்டுக்கு நான் நி.மு. போடுகிறேன்.

#25 சாவகச்சேரி_சாந்தி

ஏழு கிழமைக்குப் பிறகு திரும்ப வாறன்.

1984 கோப்பு: இல்லை எண்டு பதில். பிரிவு 27, வெளிநாட்டு உறவு. மறுபரிசீலனை கேட்டிருக்கிறன். வைகை அண்ணை எழுதின 2018 தீர்ப்பையும் ஒரு வரியில போட்டிருக்கிறன்.

அப்பப்பாவின்ர தம்பியின்ர கோப்பு: திறந்திட்டினம்! கல்வெட்டை ஏற்றுக்கொண்டிட்டினம். போன சனிக்கிழமை கியூவுக்குப் போய்க் கையில வாங்கினன். பழுப்புக் கட்டு, இருபத்திரண்டு தாள். அவர் ஒரு அணு ஆயுத எதிர்ப்புக் கூட்டத்துக்குப் போனதை ஆரோ எழுதி வைச்சிருக்கினம். உள்துறைக்கு எழுதின ஒரு கடிதம் அவற்ற கையெழுத்திலயே இருக்கு. ‘என் தாயார் சுகமில்லை’ எண்டு ஆங்கிலத்தில எழுதியிருக்கிறார். அது பொய், அவற்ற தாய், எங்கட பூட்டி, அப்ப நல்லாத்தான் இருந்தவ எண்டு அம்மா சொல்லுறா.

ஆனா எல்லாம் திறக்கேல்லை. நாலு தாளில வரிகளைக் கறுப்படிச்சிருக்கினம். அவரோட ஒரே வீட்டில இருந்த இரண்டு பேரின்ர பேர். அவை உயிரோட இருக்கலாமாம். செத்திட்டினம் எண்டு நான் காட்டினால் அதையும் திறப்பினம். செத்ததைக் காட்ட எனக்குப் பேர் வேணும். பேரைத்தான் கறுப்படிச்சிருக்கினம்.

#26 மருதாணி

எதிர்ப்பக்கம் நின்றவள் நான், ஆனாலும் இது கொஞ்சம் அதிகம்தான்.

#27 தாள்பூச்சி

அக்கா, வீட்டு முகவரியையும் கறுப்படித்திருக்கிறார்களா?

#28 சாவகச்சேரி_சாந்தி

இல்லை. கதவு எண், தெரு எல்லாம் அப்பிடியே இருக்கு. வடக்கு லண்டன்.

#29 தாள்பூச்சி

அப்படியென்றால் பிரிட்டிஷ் நூலகத்துக்கோ, லண்டன் நகர ஆவணக்காப்பகத்துக்கோ போங்கள். வாக்காளர் பட்டியல். காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு அப்போதே அங்கே ஓட்டு உண்டு, அதனால் இலங்கைக்காரர் பெயரும் அதில் வர வாய்ப்பிருக்கிறது. தெருவாரியாக, வீட்டு எண் வாரியாக அச்சடித்திருப்பார்கள். 1961இலிருந்து 66 வரை வருஷா வருஷம் அந்த வீட்டில் யார் யார் என்று பாருங்கள். அது ஒருநாளும் மூடின ஆவணம் இல்லை.

#30 டொரொண்டோ_தம்பிராசா

பேர் கிடைச்சால் இங்க போடாதேங்கோ பிள்ளை, எனக்குத் தனிமடலில அனுப்புங்கோ. யாழ்ப்பாணத்து ஆக்கள் எண்டால் கல்வெட்டு நான் தேடித் தாறன்.

#31 சாவகச்சேரி_சாந்தி

ஓம் ஐயா. செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறன்.